முப்பத்தைந்தாவது வயது

கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோய் அவசரப்படாத நோய். ஒரு வைரஸ் உடம்புக்குள் வருகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு வருடங்களுக்குள் அதைத் தானாகவே வெளியேற்றிவிடும். சிலரில் மட்டும் அது தங்கிவிடும். தங்கிய இடத்தில் கலங்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்கும். நோவிராது, காய்ச்சலிராது, அன்றாட வேலைகளுக்கு ஒரு குறையும் வராது. அது புற்றாக முற்றுவதற்கு 15 முதல் 20 வருடங்கள் வரை எடுக்கும் என்கிறது மருத்துவம். இவ்வளவு நீண்ட தவணை தரும் புற்றுநோய் வேறு அதிகமில்லை. அந்தத் தவணைக்குள் ஏதோவொரு நாளில், பயிற்சி பெற்ற ஒருவர் கருப்பையின் வாயைப் பார்த்து, மாறிப்போன பகுதியைக் குளிரூட்டியோ சுட்டோ அகற்றிவிட்டால் போதும். அந்தப் பெண் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம்.

இலங்கையின் வடக்கே, வன்னியில் போர் பறித்துக்கொண்டது இந்தத் தவணையைத்தான். ஷெல் விழுந்த நிலத்தில் குழி இருக்கும். காணாமல் போனவருக்கு ஒரு படமாவது இருக்கும். காலம் பறிபோன உடம்புக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. அதனால்தான் போரைப் பற்றி இவ்வளவு எழுதிய நாங்கள், போருக்குள் பெண்ணின் கருப்பைக்கு என்ன நடந்தது என்பதை மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். வன்புணர்வைப் பற்றி எழுதியிருக்கிறோம், அது எழுதப்படத்தான் வேண்டும். பங்கருக்குள் நடந்த பிரசவங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். எந்த ஆயுதமும் படாமல், எந்த எதிரியும் தொடாமல், பார்க்கப்படாததாலேயே செத்துப்போன பெண்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நாங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

1994இல் கெய்ரோவில் நடந்த சனத்தொகை மாநாட்டுக்குப் பிறகு, பிள்ளை பெறுவதற்கு அப்பாலும் பெண்ணுக்கு ஒரு உடம்பு இருக்கிறது என்ற எண்ணம் அரசுகளின் திட்டங்களுக்குள் நுழைந்தது. இலங்கையில் குடும்ப சுகாதாரப் பணியகம் 1996இல் வெல் வுமன் கிளினிக்குகளைத் தொடங்கியது. அதுவரை பிள்ளைப்பேற்றுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் மட்டுமே கிளினிக் வாசலை மிதித்த பெண்கள், 35 வயதானதும் ஒருமுறை வந்து பிறஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். கருப்பைக் கழுத்துக்குச் செய்வது பப் சோதனை. நல்ல திட்டம், பெண்ணை மதித்த திட்டம்.

அதே 1996இல் வன்னி எப்படி இருந்தது? 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு நடந்த சனம் தென்மராட்சியில் சில மாதங்கள் தங்கி, அங்கும் இராணுவம் வந்ததும் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குள் இறங்கியிருந்தது. ஜூலையில் முல்லைத்தீவு முகாம் சமர். செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. கிளிநொச்சி வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் மரங்களுக்குக் கீழே குடும்பங்கள் இருந்தன. மலேரியா வீடு வீடாக, இல்லை, மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் சத்திரசிகிச்சையையும் பிரசவத்தையும் தாங்கிப் பிடித்தது. 35 வயதுப் பெண் ஒருத்தி அந்த வருடத்தில், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனாலும் என்னைச் சோதித்துப் பாருங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

பப் சோதனை பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஒரு மரக்கரண்டி, ஒரு கண்ணாடித் தகடு, தகட்டில் எடுத்ததைக் காயாமல் காக்க அல்கஹோல். அதற்குப் பிறகு அந்தத் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், முடிவு திரும்பி வர வேண்டும், முடிவோடு பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போன மாதம் இருந்த கொட்டிலில் இந்த மாதம் அந்தக் குடும்பம் இல்லை. வன்னிக்குள் போகும் மருந்துப் பொருட்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தாலும் கேட்டதில் குறைத்துத்தான் வந்தது. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சோதனைக்கு வேண்டிய வெளிச்சமே பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது.

இங்கே கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யுத்தத்தில் இதெல்லாம் முடியாது என்ற பேச்சை அது அப்படியே ஏற்கவிடாது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையில் உள்ள சமூக சுகாதார நிலையத்தை மையமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. மருத்துவர் சங்கரநாராயணனும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்தினார்கள். 30 முதல் 59 வயது வரையான 49,000க்கு மேற்பட்ட பெண்கள் சோதனைப் பிரிவில் இருந்தார்கள். ஆய்வுகூடம் இல்லை, தகடு இல்லை, பல நாள் காத்திருப்பு இல்லை. பயிற்சி பெற்ற தாதியர் நீர்த்த அசற்றிக் அமிலத்தை, அதாவது வினாகிரியில் இருக்கும் அதே அமிலத்தை, கருப்பைக் கழுத்தில் தடவினார்கள். மாறிப்போன இடம் ஒரு நிமிடத்துக்குள் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால், தகுந்தவர்களுக்கு அதே இடத்தில் குளிரூட்டிச் சிகிச்சை. சில வருடங்களில், சோதனை செய்யப்படாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, இந்த நோயால் நிகழ்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. 2007இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது.

திண்டுக்கல் கிராமங்களும் வன்னிக் கிராமங்களும் வாழ்க்கையில் அவ்வளவு தூரமில்லை. கூலி வேலை, குறைந்த படிப்பு, சின்ன வயதில் கல்யாணம், தாதியிடம் மட்டும் வாய் திறக்கும் பெண்கள். அந்த ஆய்வின் சோதனைகள் நடந்த காலத்தில்தான், 2002 பெப்ரவரியில், இங்கே யுத்தநிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. ஏறத்தாழ நாலு வருடங்கள் கிளிநொச்சியில் அமைதி இருந்தது. தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஏ9 நெடுகிலும் நின்றன. சுனாமிக்குப் பிறகு காசும் வந்தது. விடுதலைப் புலிகள் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் வங்கியும் நடத்தினார்கள். திலீபன் பெயரில் மருத்துவ நிலையங்களும் இருந்தன. வெளிநாடுகளில் பேச்சுவார்த்தை மேசைகள் இருந்தன. வினாகிரியும் விளக்கும் தாதியும் போதுமான ஒரு சோதனையை ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுபோக அந்த நாலு வருடங்கள் போதும். அது நடக்கவில்லை. அரசும் புலிகளும் தொண்டு நிறுவனங்களும், மூன்று தரப்பும் இதற்குப் பொறுப்பு. அமைதிக் காலத்தில் பெண்ணின் உடம்பு அவசர விடயமாகத் தெரியவில்லை. பிறகு யுத்தம் வந்தது, அப்போதும் தெரியவில்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 வீதியில் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கான பாதை அதோடு அறுந்தது. வன்னிக்கு மிஞ்சிய ஒரே பெரிய வாசல் ஓமந்தை. இனி 2007ஆம் ஆண்டை எடுத்து, முத்தையன்கட்டில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த வருத்தம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெண்தான், ஆனால் அவர் போக வேண்டிய பாதையில் கற்பனை எதுவும் இல்லை.

மாதவிடாய் நிற்கும் வயது என்று முதலில் நினைப்பார். இரத்தம் இடையிடையே படும். பிறகு நாற்றத்தோடு நீர் போகும். புருசனுக்குச் சொல்லமாட்டார், மூத்த மகளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போனால் கிளிநொச்சிக்கு அனுப்புவார்கள். கிளிநொச்சியில் சதைத்துண்டு எடுத்தாலும் அதைப் பார்த்துச் சொல்ல அது தெற்கே போக வேண்டும். முடிவு வந்த பிறகு கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் வைத்தியசாலை. அதற்குப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும், திரும்பி வரும் நாளைச் சொல்ல வேண்டும். புளியங்குளத்தில் ஒரு சோதனை. சூனியப் பிரதேசம். அங்கே செஞ்சிலுவைக் கொடி. அப்புறம் ஓமந்தையில் இராணுவச் சோதனை, பொதி அவிழ்ப்பு, உடற்சோதனை. இரத்தப்போக்கோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு உடற்சோதனை எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. வவுனியாவில் பதிவு. அனுராதபுரம் தாண்டிக் கொழும்பு. கொழும்பில் தங்குவதற்கு லொட்ஜ், லொட்ஜில் பொலிஸ் பதிவு.

இந்த நோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஐந்து வாரங்கள் வெளியிலிருந்து கதிர், கூடவே வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளற்றின் மருந்து, பிறகு கருப்பைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் கதிர். எல்லாம் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டி இழுபடும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. ஒருநாள் விட்டால் மறுநாள் போகலாம் என்ற கதை இங்கே இல்லை. இந்த எட்டு வாரத்தைப் பாஸ்களின் காலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1990களில் வவுனியாவில் வன்னிச் சனத்துக்கு ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்றுதான் பாஸ் கிடைத்தது. எட்டு வாரம் என்பது மருத்துவத்தின் கணக்கு. காவலரணில் இருப்பவருக்கு அது சந்தேகத்துக்கு இடமான நீண்ட காலம்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அவர்களில் வெளிநாட்டுப் பயணத்துக்காக வந்தவர்கள் இருந்தார்கள், வேலை தேடி வந்தவர்கள் இருந்தார்கள், வைத்தியத்துக்காக வந்தவர்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் அதைக் கேள்விப்பட்ட வன்னிப் பெண்கள், கொழும்பில் போய் இரண்டு மாதம் கிடப்பதைப் பற்றி அதற்குப் பிறகு எப்படி முடிவெடுத்திருப்பார்கள்? மகரகமவில் சிங்களத் தாதியர் பலர் தமிழ்ப் பெண்களை அன்போடு பார்த்தார்கள் என்பதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையும் இங்கே பதிய வேண்டும். நோவைச் சொல்ல மொழி தெரியாமல் கைகாட்டிச் சொன்ன கதைகளும் அதே ஆட்களிடமிருந்துதான் வந்தன.

2008 செப்டெம்பரில் அரசாங்கம் ஐ.நா.வையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது. செப்டெம்பர் 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மறித்தும் நடக்கவில்லை. புலிகளோ சனத்தை வெளியே விடவில்லை, சில அவசர நோயாளரைத் தவிர. அடுத்த மாதம் 6ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் என்று காட்டிய ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு அதில் பாதி. நோயின் வேர் தெரிந்துவிட்டது, தடுப்பூசியும் வந்துவிட்டது என்று உலகம் கொண்டாடிய அந்த நாட்களில், கிளிநொச்சிச் சனம் கூரைத் தகரங்களைக் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டிருந்தது.

போரின் கடைசிக் கட்டமான 2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தர்மபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து கொண்டே இருந்தது. மருத்துவர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா போன்றவர்கள் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் வைத்தியம் பார்த்தார்கள். கால் துண்டானவர், வயிறு கிழிந்த குழந்தை, பிரசவ வலி. இந்த வரிசையில், மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் போகும் ஒரு பெண் எங்கே நிற்பார்? கடைசியில்தான். அது எந்த வைத்தியரின் கல்நெஞ்சமும் இல்லை. கையில் இருப்பது ஒரு கத்தியும் கொஞ்ச மயக்கமருந்தும் என்றால், இன்று காப்பாற்றக்கூடிய உயிரைத்தான் முதலில் எடுப்பார்கள். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை கிறீன் ஓசன் கப்பலில் செஞ்சிலுவைக் குழு மாத்தளன் கரையிலிருந்தும் பிறகு முள்ளிவாய்க்கால் கரையிலிருந்தும் ஏறத்தாழ 14,000 காயக்காரரையும் நோயாளரையும் அவர்களோடு வந்தவர்களையும் ஏற்றியது. அந்தக் கப்பல் இல்லாவிட்டால் எங்கள் துயரம் இன்னும் பெருகியிருக்கும். ஆனால் கப்பலில் இடம் பிடிக்கக் காயம் தெரிய வேண்டும்.

சேலைகளைத் தைத்து மண்மூட்டை கட்டிய காலம் அது. கல்யாணச் சேலையும் பங்கர் ஓரத்தில் மண்ணோடு கிடந்தது. இரத்தம் படும் பெண்ணுக்குத் துணி வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒதுங்க ஒரு மறைப்பு வேண்டும். நாலு முழப் பள்ளத்துக்குள் பத்துப் பேர் இருக்கும்போது நாற்றத்தை எப்படி மறைப்பது? மாத்தளன் மணலில் எத்தனை பெண்கள் இரவில் எழும்பிக் கடலுக்குப் போயிருப்பார்கள். இறந்தபோது அது ஷெல்லாலோ, இரத்தச்சோகையாலோ, சிறுநீரகம் அடைபட்டதாலோ என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆளில்லை. பெயர் வைக்கப்படாத நோய் எந்தப் பட்டியலிலும் ஏறாது. தப்பி வந்தவர்கள் மெனிக்பாம் முகாமில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள், வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. கிளினிக் கொப்பிகள், முன்பு எடுத்த முடிவுகள், எல்லாம் நந்திக்கடலுக்கு அந்தப் பக்கமே போயின.

போர் முடிந்த பிறகும் முடியாத ஒரு பகுதி இதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

2006 கடைசியிலிருந்து புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாய ஆட்சேர்ப்பு நடத்தினார்கள். பிறகு ஒருவர் என்பதும் போதவில்லை. கல்யாணம் செய்தவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகக் கல்யாணம் கட்டி வைத்தார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண் பிள்ளைகள். சாதகம் பார்க்கவில்லை, சீதனம் பேசவில்லை. சிலர் முன்பின் தெரியாத பொடியனோடு கொட்டிலில் ஒரு இரவில் மனைவியானார்கள். பிறகு அந்த விலக்கும் தேய்ந்தது, கைக்குழந்தை இருந்தால்தான் பாதுகாப்பு என்றானது. அந்தப் பெற்றோரைப் பிழை சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. பிள்ளை துவக்கோடு சாவதா, தாலியோடு வாழ்வதா என்று கேட்டால் எந்தத் தாயும் அதையே செய்வாள்.

ஆனால் உடம்பு காரணம் கேட்பதில்லை. இளவயதில் கருப்பைக் கழுத்தின் கலங்கள் வைரஸுக்கு எளிதில் இடம் கொடுக்கும். சிறுவயதில் தொடங்கும் தாம்பத்தியம், சிறுவயதுக் கர்ப்பம், அடுத்தடுத்த பிரசவம், மூன்றுமே இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுபவை. பெண் ஒருவனுக்கு மட்டுமே மனைவியாக இருந்தாலும் போதும். அவன் மூலம் ஒரு தரம் வந்தாலும் வைரஸ் வந்ததுதான். இதில் ஒழுக்கக் கதைக்கு இடமே இல்லை. இனிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2008இல் பதினாறு வயதில் தாலி ஏறிய பெண்ணுக்கு 2027இல் 35 வயது. நோய் எடுத்துக்கொள்ளும் 15 முதல் 20 வருடத் தவணை அவளுக்கு 2023இல் தொடங்கி 2028இல் முடிகிறது. மாத்தளனில் விதைக்கப்பட்டது முளைத்து மேலே வரும் பருவம் இது.

அவளுடைய கையில் இருந்த குழந்தையின் கதை வேறு. இலங்கை 2017இல் எச்.பி.வி. தடுப்பூசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்து, 6ஆம் வகுப்பு மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது. முதல் வருடத்தில் ஊசி பெற்ற பிள்ளைகள் 2006இல் பிறந்தவர்கள். அதாவது முள்ளிவாய்க்காலில் இரண்டு, மூன்று வயதில், யாரோ ஒருவரின் இடுப்பில் இருந்தவர்கள். முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்த மகளுக்குக் காப்பு இருக்கிறது. அவளைச் சுமந்து வந்தவளுக்கு இல்லை.

சுமந்து வந்தவளின் அம்மாவையும் மறக்கக்கூடாது. இந்நாட்டுச் சோதனைத் திட்டம் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைத் தேடிப் போய்க் கூப்பிடுகிறது. 1996க்கும் 2009க்கும் இடையில் வன்னிக்குள் 35 வயதைக் கடந்தவர்களுக்கு அப்படி ஒரு அழைப்பு ஒழுங்காக வரவில்லை. அவர்கள் இப்போது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். இந்த வயதுப் பெண்களைத் தேடி மிட்வைஃப் இனி வரமாட்டார். அவர்களை வேறோர் இடத்தில் பார்க்கலாம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டக் கொட்டிலில், பிறகு முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தொடங்கியவற்றில், பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி இருந்தவர்கள் பெரும்பாலும் இந்த வயதுத் தாய்மார்தான். பிள்ளைக்கு விடை கிடைக்கும்வரை தங்கள் உடம்பைத் தள்ளி வைத்தவர்கள். பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

கிளினிக் இருந்தும் பெண்கள் ஏன் போவதில்லை என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. அறிவூட்டல் போதாது என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். அது பாதிப் பதில்கூட இல்லை. கணவன் செத்த, அல்லது காணாமல் போன பெண்ணை மிட்வைஃப் கூப்பிடுகிறார். அவள் சொல்வாள்: “அவர் இல்லாத ஆளுக்கு உந்தச் சோதனை என்னத்துக்கு எண்டு சனம் கதைக்கும் அக்கா.” திட்டம் திருமணமான பெண்ணைக் கூப்பிடுகிறது. கணவனைத் தேடித் தெருவில் நிற்பவளுக்கு அந்த அழைப்பே ஒரு கேள்வியாகப் படுகிறது. சோதனைச்சாவடிகளில் அந்நியக் கைகள் தடவிய உடம்பு மறுபடியும் மேசையில் ஏறிக் கால்களை விரிப்பதென்றால் நடுங்கும். போர்க்காலத்தில் அதைவிடக் கொடியது நடந்த பெண்கள் அந்த மேசைக்குக் கிட்டவும் வரமாட்டார்கள்.

அவநம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் சத்துணவுப் பரிசோதனைக்கென்று கூப்பிட்ட இடத்தில் தங்களுக்குச் சரியாக விளக்காமல் கையில் கருத்தடைக் குச்சிகளை வைத்துவிட்டார்கள் என்று பெண்கள் முறையிட்டார்கள். 2016இல் புனர்வாழ்வு முகாம்களில் முன்னாள் போராளிகளுக்குப் போட்ட ஊசிகளைப் பற்றிய சந்தேகம் வட மாகாண சபை வரைக்கும் போனது. புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, தடுப்பிலிருந்து விடுதலையாகி வந்து சில வருடங்களில், 2015 ஒக்ரோபர் 18ஆம் திகதி மகரகமவில் புற்றுநோயால் இறந்தார். வயது 43. அவர் மரணத்தோடு வதந்திகளும் சேர்ந்தே வந்தன. வதந்தி பிழையாக இருக்கலாம். ஆனால் அரச ஊசியைக் கண்டு பயப்படும் பெண்ணை அறியாமை என்று தள்ளுவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இது வன்னிக்கு மட்டும் நேர்ந்ததில்லை. காசாவில் இருந்த ஒரே புற்றுநோய் வைத்தியசாலையான துருக்கி–பலஸ்தீன நட்புறவு வைத்தியசாலை 2023 நவம்பர் 1ஆம் திகதி எரிபொருள் இல்லாமல் நின்றுபோனது. 2025 மார்ச்சில் இஸ்ரேலிய இராணுவம் அந்தக் கட்டடத்தையே தகர்த்தது. அதற்கு முன்பும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகக் காசாவைவிட்டு வெளியே போக அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. அதைப் படிக்கும்போது ஓமந்தை ஞாபகம் வராத வன்னிக்காரர் இருக்கமாட்டார். இன்னொரு பக்கம் ருவாண்டா. 1994இல் இனப்படுகொலையைக் கண்ட அந்த நாடு 2011இல், ஆபிரிக்காவிலேயே முதலாவதாக, எல்லாச் சிறுமிகளுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கியது. அழிந்த நாடுதானே, முதலில் ரோட்டைப் போடுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களுக்கு ரோட்டுத்தான் முதலில் வந்தது. ஏ9 வழவழப்பாக இருக்கிறது.

இன்று வசதி இல்லையென்று சொல்ல முடியாது. தெல்லிப்பழையில், டிறெயில் நடைபயணத்தில் நாடு முழுவதும் சேர்த்த காசில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2024 மே மாதத்தில், நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய பெண்கள் நல மருத்துவ நிலையம் கிளிநொச்சி வைத்தியசாலையில் திறக்கப்பட்டது. கட்டடம் பெரியது. கட்டடத்துக்கு ஆளணி வேண்டும், ஆளணிக்கு நியமனம் வேண்டும். முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். நாட்கூலிக்குப் போகும் பெண் தொடர்ந்து ஐந்து வாரம் அங்கே போய்வர வேண்டுமென்றால் பஸ் காசையும் வீட்டுச் சோற்றையும் யாராவது பார்க்க வேண்டும். மருந்து இலவசம் என்ற பதில் அவளுக்குப் போதாது.

சோதனையும் இப்போது மாறிவிட்டது. எச்.பி.வி. வைரஸையே நேராகக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பெண் தன் மாதிரியைத் தானே, ஒரு திரைக்குப் பின்னால் நின்று, பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். மேசை வேண்டாம், கருவி வேண்டாம், இன்னொருவர் கை வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றிருக்கிறது. வன்னிப் பெண்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது இந்த முறை. 2020இல் அந்த நிறுவனம் உலகத்துக்கு வைத்த இலக்கில், 2030க்குள் 70 சதவீதப் பெண்கள் 35 வயதிலும் 45 வயதிலும் சோதிக்கப்பட வேண்டும் என்றிருக்கிறது. அமைதியாக இருந்த நாடுகளுக்கு அந்த இரண்டு வயதுகளும் போதும். வன்னிக்குப் போதாது. இங்கே 35ஐ ஷெல்லுக்குள் கடந்தவர்களும், 16இல் மனைவியானவர்களும் ஒரே கிராமத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது இது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் 30 முதல் 65 வயது வரையான எல்லாப் பெண்களுக்கும், திருமணமானவரா இல்லையா என்று கேட்காமல், ஒருமுறையாவது எச்.பி.வி. சோதனை. வைரஸ் இருப்பதாக முடிவு வந்தவரைத் தேடிப் போகும் மிட்வைஃபுக்குப் போக்குவரத்துக் காசு. சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்குத் தங்க இடம், போய்வரச் செலவு. 2018 ஒக்ரோபரோடு காலம் முடிந்த வட மாகாண சபைக்கு இன்னும் தேர்தல் நடக்கவில்லை என்பது சாக்காக இருக்கக்கூடாது. மாகாண சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது, பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கோவில் திருப்பணிக்கும் நினைவுத்தூபிக்கும் மனமிரங்கும் புலம்பெயர் சங்கங்கள் இருக்கின்றன.

இதை வாசிக்கும் வன்னிப் பெண்களுக்கு: உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். 35ஐத் தாண்டியவர் எவரும் போகலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சோதனைக்குக் காசில்லை.